ரீடிங் ஒத்துவராதபோது

இயற்பியல் படித்த எவருக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர் நினைவிருக்கும். இருட்டறை, மஞ்சளாய் எரியும் சோடியம் விளக்கு, நடுவில் ஒரு முப்பட்டகம். கோணங்களை அளந்து கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். 1.5-ஐ ஒட்டி ஏதோ வரும் என்பது அறைக்குள் நுழையும் முன்பே தெரியும். வராவிட்டால், விடையிலிருந்து பின்னோக்கிப் போய் ரீடிங்கைத் 'திருத்தி' ரெக்கார்டு நோட்டில் ஏற்றிவிடும் சாமர்த்தியமும் பலருக்கு உண்டு.

சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராக இருந்த சி.வி. ராமனும் இதே கருவியின் முன்புதான் நின்றார். முப்பட்டகக் கோணத்தை அளக்கையில், ஒளி மிகச் சாய்வாக விழும்போது விளிம்பு விளைவுப் பட்டைகள் இருபுறமும் ஒன்றுபோல் இல்லாததைக் கவனித்தார். பிராக்டிகலில் யாரும் கேட்காத விஷயம் அது. அதைத் தொடர்ந்து ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரை 1906இல் லண்டனின் 'ஃபிலசாஃபிகல் மேகசின்' இதழில் வெளிவந்தது. அப்போது அவருக்கு 18 வயது.

பாடவழி முதுகலையிலிருந்து ஆய்வுவழி முதுகலை பிரியும் இடம் இதுதான்: விடை தெரியாத கேள்வியோடு நெடுநாள் இருக்கப் பழகுவது.

வழக்கமான எம்.எஸ்சி.யில் பருவத்துக்குப் பருவம் தாள்கள் நிறைந்திருக்கும். புராஜெக்ட் கடைசியில் ஓரமாக உட்கார்ந்திருக்கும். ஐசர் நிறுவனங்களின் ஐந்தாண்டு பிஎஸ்-எம்எஸ் படிப்பிலோ ஐந்தாம் ஆண்டே ஆய்வேட்டுக்கானது. பெங்களூரு ஐஐஎஸ்சியின் ஒருங்கிணைந்த பிஎச்.டி.யில் இளங்கலை முடித்தவர் ஜாம் நுழைவுத்தேர்வு வழியாகச் சேரலாம். கோட்பாட்டில் நாட்டமுள்ளவருக்குச் சென்னை தரமணியின் கணித அறிவியல் நிறுவனமும், ஜெஸ்ட் நுழைவுத்தேர்வும் உண்டு. முன்பு எம்.ஏ., எம்.எஸ்சி.க்கும் முனைவர் பட்டத்துக்கும் நடுவே எம்.ஃபில். இருந்தது. 2022 நவம்பரில் வந்த யுஜிசி விதிமுறைகள் அதை நிறுத்திவிட்டன. அங்கே கிடைத்த ஆய்வுப் பழக்கத்தை இப்போது முதுகலைக்குள்ளேயே தேடிக்கொள்ள வேண்டும்.

ஆய்வேட்டுக்கான அந்த ஓராண்டில் என்ன நடக்கிறது? தொடக்க மாதங்களில் புதிதாக எதுவும் நடக்காது. கட்டுரைகளைப் படிப்பதும், பிறர் கண்ட முடிவை நம் கருவியில் மறுபடி வரவழைப்பதுமாக நாள் போகும். வீண்வேலைபோலத் தோன்றும். ஆனால் தெரிந்த விடையையே தராத கருவி தெரியாத ஒன்றைச் சொன்னால் எப்படி நம்புவது? கோட்பாட்டு மாணவருக்கும் இதே கதிதான். அவருடைய நீண்ட சமன்பாடு, எளிய நிலைமையில் பழைய சமன்பாடாகச் சுருங்கிக் காட்ட வேண்டும்.

அடுத்த படி, பிழையோடு பழகுவது. தற்செயல் பிழை அளவீடுகளைக் கூட்டினால் குறையும், ஆனால் மெதுவாக. பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு அளவீடு வேண்டும், பத்தில் ஒன்றாக்க நூறு மடங்கு. ஒரே பக்கமாக இழுக்கும் பிழை இதற்கும் மசியாது. கோண அளவுகோல் ஒழுங்காகப் பொருந்தாத ஸ்பெக்ட்ரோமீட்டரில் லட்சம் ரீடிங் எடுத்தாலும் தவறான எண்தான், மிகத் துல்லியமாகக் கிடைக்கும். முதல் வகையைப் பொறுமை தீர்க்கும். இரண்டாவதைச் சந்தேகம்தான் தீர்க்கும்.

இந்தச் சந்தேகத்தை ஒரு கைடு பக்கத்தில் இருந்துதான் ஊட்ட முடியும். அதனால் கைடைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரையும் கட்டுரைக் கணக்கையும் மட்டும் பார்க்கக் கூடாது. அவரிடம் படிக்கும் மாணவர்களிடம் மூன்று கேள்வி கேட்கலாம்: வாரம் ஒருமுறையாவது உட்கார்ந்து பேசுகிறாரா? கொடுக்கும் கேள்வி ஓராண்டுக்குள் அடங்குகிறதா? முடிவு எதிர்பார்த்தபடி வராதபோது என்ன சொல்கிறார்? மூன்றாவதற்கான பதில் மிகவும் முக்கியம்.

ஆய்வேட்டில் பெரிய கண்டுபிடிப்பு இருக்க வேண்டியதில்லை, பெரும்பாலும் இருக்காது. வைவாவில் தேர்வாளர் கேட்பதும் அதை அல்ல. 'இந்த எண் சரியென்று எப்படித் தெரியும்?' என்பதுதான் அங்கே கேள்வி. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டாமல் அதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவர், முனைவர் பட்டத்துக்குப் போனாலும் வேறு வேலைக்குப் போனாலும், ஒத்துவராத ரீடிங்கை அழிக்க ரப்பரை எடுக்கமாட்டார். விளக்கை அணைக்காமல் இன்னொரு முறை பார்ப்பார்.