சிப்பியிடம் யாரும் கேட்கவில்லை

"அக்கா, நான் என்ன பாவம் செஞ்சேன்?"

தம்பி இதைக் கேட்டது ஓர் ஆகஸ்ட் மாதம், பனிமய மாதா கோவில் திருவிழா நாட்களில். தூத்துக்குடி திரேஸ்புரத்திலிருந்து சங்கு குளிக்கப் போனவன் அவன். ஒரே மூச்சில் கடலடி வரை போய்வந்த உடம்பு, 45 வயதில் எலும்பும் தோலுமாகக் கட்டிலில் கிடந்தது. வலது அடிவயிற்றில் வலி, காய்ச்சல், பேதி. குடல் காசநோய் என்று மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தார்கள். சிறுகுடல் முடிகிற அதே மூலையில் குரோன் என்ற குடல் அழற்சி நோயும் இதே முகத்தோடு வருவதால் நம் நாட்டில் மருத்துவர்களே தடுமாறுவது உண்டு. பிறகுதான் குரோன் நோய் என்று தெரிந்தது. 1932இல் நியூயார்க்கில் பர்ரில் குரோனும் இன்னும் இருவரும் எழுதிய கட்டுரையால் வந்த பெயர்.

பார்க்க வந்த அத்தை, பூசைக்குப் போகாமல் திரிந்ததன் பலன் என்றார். யோவான் நற்செய்தி 9ஆம் அதிகாரத்தை எடுத்துக் காட்டினேன். பிறவியிலேயே பார்வை இல்லாதவனைப் பார்த்து, இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்கிறார் இயேசு. அத்தை அடங்கிவிட்டார். எனக்குத்தான் அடங்கவில்லை. பாவம் இல்லையென்றால் பிறகு எது?

அந்த வாரமே ஒரு மறையுரையில் பதில் போல ஒன்று வந்தது. சிப்பிக்குள் மணல் விழுகிறது, சிப்பி வலியைப் பொறுத்துப் பொறுத்து முத்தாக்குகிறது, நீங்களும் அப்படியே பொறுத்துக்கொள்ளுங்கள். முத்துக்குளித்துறையில் எடுபடுகிற உவமைதான். பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்குக் கோபம் வந்தது.

கோபத்துக்குக் காரணம் அப்பா. 1961இல் இந்தக் கரையில் கடைசியாக நடந்த முத்துக்குளிப்பில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கியவர். முத்து என்றால் தனக்கு ஞாபகம் வருவது நாற்றம்தான் என்பார். சிப்பியை ஆயிரக்கணக்கில் கரையில் குவித்து, சதை அழுகிப் புழு வைக்கும்வரை விட்டு, கடல் தண்ணீரில் அலசி அலசி, அடியில் தங்குவதைப் பொறுக்குவார்கள். பெரும்பாலான சிப்பியில் ஒன்றுமே இருக்காது. முத்து இருந்தாலும் சிப்பிக்கு அதனால் என்ன வந்தது? நற்செய்தியில் வரும் வணிகன்கூட இருப்பதையெல்லாம் விற்று முத்தை வாங்கிக்கொண்டு போகிறான். சிப்பியிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

மணல் கதையும் சரியில்லை. தூத்துக்குடிக்குப் பக்கத்தில் வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கே. அழகர்சாமி 1973இல் நாட்டின் முதல் வளர்ப்பு முத்தை எடுத்தார். ஒரு சிப்பியின் மேலுறைச் சதையில் சிறு துண்டை வெட்டி, உருண்டையான மணி ஒன்றோடு சேர்த்து, இன்னொரு சிப்பியின் உடலுக்குள் வைக்கிற வேலை அது. அந்தத் துண்டின் அணுக்கள் மணியைச் சுற்றிப் பை கட்டி, அடுக்கடுக்காகப் பளபளப்பைப் பூசுகின்றன. இயற்கை முத்திலும் உள்ளே நுழைந்த ஓர் ஒட்டுண்ணியோ, இடம் மாறிப்போன சொந்தச் சதையணுவோதான் பெரும்பாலும் தொடக்கம். இதில் பொறுமை எங்கே இருக்கிறது? சுற்றி வளைத்துக் கட்டுகிற வேலைதான் இருக்கிறது.

அதே வேலையைத் தம்பியின் வயிற்றிலும் பார்த்தேன். அறுவைச் சிகிச்சை முடிந்து, வெட்டி எடுத்த குடலை மருத்துவர் தட்டில் வைத்துக் காட்டினார். ஆட்டுக்குடல் கழுவிப் பழகிய கை என்னுடையது. கொழுப்பு குடலின் ஓர் ஓரமாகத்தான் ஒட்டியிருக்கும். இதிலோ அது விரல் விரலாக மேலே ஏறி, குடலை முக்கால் சுற்று மூடியிருந்தது. ஊர்ந்தேறும் கொழுப்பு என்றார் மருத்துவர். உள்ளே வழி பென்சில் நுழையும் அளவுக்குத்தான் இருந்தது.

வயிற்றுக் கொழுப்பை நாம் தீனியின் கணக்காக மட்டுமே பார்க்கிறோம். அதற்குள் காவல் இருக்கிறது. கிருமியை விழுங்கும் அணுக்களும் டி அணுக்களும் அங்கே குடியிருக்கின்றன. 2020இல் லாஸ் ஏஞ்சல்ஸ் சீடார்ஸ்-சைனாய் ஆய்வாளர்கள், குரோன் நோயாளிகளின் குடலை ஒட்டிய கொழுப்புக்குள் உயிருள்ள குடல் பாக்டீரியாக்களைக் கண்டார்கள். குடல் சுவரிலிருந்து கசிந்தவை அவை. அவற்றில் முக்கியமான ஒன்றுக்குக் கிளாஸ்ட்ரிடியம் இன்னோக்குயம் என்று பெயர். இன்னோக்குயம் என்றால் லத்தீனில் தீங்கற்றது! கசிவை அடைக்கத்தான் கொழுப்பு ஊர்ந்து போகிறது என்பது அவர்கள் விளக்கம். போன கொழுப்பு திரும்புவதில்லை. அங்கேயே தங்கி, அழற்சியை வளர்த்து, தழும்பு தடித்து, காக்கப் போன குடலையே நெரிக்கிறது.

இந்தக் காவல் வெளிச்சத்துக்கு வந்ததும் ஒரு கடற்கரையில்தான். 1882இல் இத்தாலியின் மெஸ்ஸினாவில் விலங்கியலாளர் மெச்னிகாஃப், கண்ணாடி போன்ற நட்சத்திரமீன் குஞ்சுக்குள் முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால் முள்ளைச் சுற்றி அணுக்கள் கூட்டமாக நின்றன. உடம்புக்குள் காவல் உண்டு என்று உலகம் தெரிந்துகொண்டது அப்படித்தான். தன் உடலில் தைத்த முள்ளை எடுத்துவிடச் சொல்லிப் புனித பவுல் மூன்று முறை மன்றாடிய பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குஞ்சு நினைவுக்கு வருகிறது. பவுலின் முள்ளைப் பற்றி எத்தனையோ மறையுரை கேட்டிருக்கிறேன். முள்ளைச் சுற்றி ஓடிவந்து நின்றவர்களைப் பற்றி ஒன்றுகூடக் கேட்டதில்லை.

தம்பியின் நோய் தண்டனை என்று நான் நம்பவில்லை. அவனுக்குள் விளைகிற முத்து என்றும் நம்பமாட்டேன். அவனைக் காக்க வந்தவர்களுக்கு நிறுத்தத் தெரியவில்லை, அவ்வளவுதான். இப்படிச் சொன்னதும் அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஆனால் காவலை வைத்தவர், போதும் என்ற சொல்லை ஏன் அதற்கு ஒழுங்காகக் கற்றுக்கொடுக்கவில்லை? இதை மாதாவின் முன்னால் நின்றே கேட்டிருக்கிறேன். இன்னும் கேட்கிறேன்.

எட்டு வாரத்துக்கு ஒருமுறை அவனுக்கு இன்ஃப்ளிக்ஸிமாப் ஏற்றுகிறார்கள். அந்தக் காவல் அணுக்கள் ஒன்றையொன்று கூவி அழைக்கும் குரலான டி.என்.எஃப். என்ற பொருளை அது பிடித்து அடக்குகிறது. மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும்போது என் ஒரு கையில் செபமாலை, இன்னொரு கையில் அவன் கை. முன்பெல்லாம், இவன் உடம்பிலிருக்கும் எதிரியை அழித்தருளும் ஆண்டவரே என்று வேண்டுவேன். இப்போது அந்த அணுக்களிடமே பேசுகிறேன், ராத்திரி முழுக்கக் கண் விழித்த பிள்ளைகளிடம் பேசுவது போல: காவல் இருந்தது போதும், போய்ப் படுங்கள்.