கேட்காத குறையையும் சொல்லணுமா?

பழைய காரை வாங்கி, துருவைச் சுரண்டி, டிங்கரிங் பார்த்து, பட்டி வெச்சு, பெயின்ட் அடிச்சு, இன்ஜினையும் மாத்தி விக்கிறவங்க இருக்காங்க. குற்றால சீசன்ல அப்படி ஒரு வண்டி எங்க பாவூர்சத்திரம் வழியா போனா கடைத்தெருவே திரும்பிப் பார்க்கும். அதை விக்கும்போது ஒரு கேள்வி வருது மக்களே: வாங்க வர்றவர் கேட்காத குறையை நாமளா சொல்லணுமா?

நம்ம மெட்ராஸ் வண்டியையே எடுத்துக்குவோம். ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்து ட்ரையம்ஃப் ஹெரால்டோட இந்திய வடிவம், 1961-ல இங்க வந்தது. 948 சிசி இன்ஜின். வடிவமைச்சவர் இத்தாலிக்காரர் மிக்கெலாட்டி. சேஸ் தனி, பாடி தனி. கூரையே போல்ட் போட்டு மாட்டினதுதான், கழட்டினா ஓப்பன் கார்! இந்த ஹெரால்டு சேஸைக் குட்டையாக்கித்தான் 1962-ல ட்ரையம்ஃப் கம்பெனி ஸ்பிட்ஃபயர்ங்கிற ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டு வந்துச்சு. அதனால ஹெரால்டை ஸ்போர்ட்ஸ் காரா மாத்துற ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனா அந்த வண்டிக்கு இன்னொரு குணம் உண்டு. பின்னாடி ஸ்விங் ஆக்ஸில். வளைவுல வேகமா போய் சட்டுனு ஆக்சிலேட்டரை விட்டா, வெளிப்பக்கத்துப் பின்சக்கரம் வண்டிக்கு அடியில மடங்கப் பார்க்கும். பிரேக் பழைய டிரம் பிரேக். 948 சிசிக்காகச் செஞ்ச அமைப்புல ரெண்டு மடங்கு சக்தியுள்ள இன்ஜினை வெச்சா வண்டி பறக்கும். நிக்கணுமே!

இப்போ 23 வயசுப் பையன் ஒருத்தன் வாங்க வர்றான்னு வெச்சுக்கோங்க. பெயின்டைத் தடவிப் பார்க்கிறான். "கண்டிஷன் எப்படிண்ணே?" "நீங்களே பாருங்க தம்பி." இதுல பொய் இல்லை. ஆனா உண்மையும் இல்லை.

1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 17-வது பிரிவு இதைத்தான் பேசுது. சும்மா வாயை மூடிட்டு இருந்தா அது மோசடி ஆகாது, சொல்ல வேண்டிய கடமை இருந்தா மட்டும் ஆகும். அதுக்கு உதாரணமா ஒரு குதிரையைச் சொல்றாங்க. குறையுள்ள குதிரையை ஒருத்தர் ஏலத்துல விக்கிறார், குறையைச் சொல்லல. மோசடி இல்லை. வாங்குறது அப்போதான் மேஜர் ஆன அவரோட சொந்த மகள்னா, சொல்ல வேண்டியது கடமை. "நீங்க மறுக்கலைன்னா குதிரை நல்லா இருக்குன்னு எடுத்துக்குவேன்"னு வாங்குறவர் சொல்லியும் இவர் பேசாம இருந்தா, அந்த மௌனமே பேச்சுக்குச் சமம்.

ஆபீஸ்ல ஒரு நண்பர்கிட்ட இதைச் சொன்னேன். "மாட்டுச் சந்தைல பல்லைப் பிடிச்சுப் பார்த்துத்தான் வாங்குறாங்க. இவன் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டு வரட்டுமே"ன்னார். நியாயமான வாதம்தான். காய்கறி மார்க்கெட்டுல கூட மூட்டையை அவுத்துக் கொட்டிப் பார்க்கலாம். ஆனா மாட்டுப் பல்லை யாரும் பட்டி வெச்சு மூடல. குதிரையோட குறையும் தானா உள்ள இருக்கிறது. இந்தக் காரோட துருவை மூடினது விக்கிறவர். துருப்பிடிச்ச தகட்டை வெட்டிட்டு புதுத் தகடு வெல்டு பண்ணினாலும் அதே பளபளப்புதான், துருமேலயே பட்டி பூசினாலும் அதே பளபளப்புதான். எதுன்னு தெரிஞ்சவர் அவர் ஒருத்தர். அந்தப் பெயின்டே "நான் நல்லா இருக்கேன்"னு பேசிட்டு இருக்கும்போது, நான் வாயே திறக்கலையேன்னு அவர் எப்படிச் சொல்ல முடியும்?

பேப்பர் விஷயம் தனி. 50 வருஷம் தாண்டின வண்டிக்கு 2021-ல விண்டேஜ் பதிவு விதி வந்துச்சு. சேஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் இருந்தா அந்தப் பதிவு கிடைக்காது. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில சொல்லிருச்சு. அப்போ இன்ஜின் மாத்தின ஹெரால்டை "விண்டேஜ்"னு சொல்லி விக்கிறது, ஆர்.சி. புக்கைப் பார்த்தா உடையிற வார்த்தை.

எனக்கு அந்த மகள் உதாரணம்தான் ரொம்ப உறுத்துது. ஏன்னா நம்ம ஊர்ப் பேரமே அப்படித்தான் நடக்கும். "தம்பி, உங்களை நம்ம வீட்டுப் பிள்ளையா நினைச்சுத்தான் இந்த விலை." அதுக்கு மேல, டேஷ்போர்டுல இருக்கிற வேலைத் தொட்டு "முருகன் மேல சத்தியமா"ன்னு ஒரு வார்த்தை. விலையை ஏத்த உறவையும் சாமியையும் கூப்பிட்டுட்டு, குறையைச் சொல்ற இடத்துல மட்டும் ஏலக்காரர் மாதிரி நிக்க முடியாது.

சொன்னா விலை குறையும். ஆமா, குறையும். லோன் போட்டுச் செலவு பண்ணினவருக்கு அது வலிக்கும், பக்கத்துல பொய் சொல்லி விக்கிறவர் நல்ல விலைக்கு வித்துட்டுப் போவார். இதுக்கு என்கிட்ட பதில் இல்லை. கடிகாரம் ஓடல, சீட் அசல் இல்லைங்கிறதை எல்லாம் கேட்டா சொன்னாப் போதும்னுதான் நானும் நினைக்கிறேன். உயிருக்கும் சட்டத்துக்கும் சம்பந்தப்பட்டதைக் கேட்காமலே சொல்லணும். எங்க வேலையில சாஃப்ட்வேரைக் கொடுக்கும்போது 'நோன் இஷ்யூஸ்'னு தெரிஞ்ச குறைகளை எழுதிக் கொடுப்போம். அதே மாதிரி ஒரு தாள்ல எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஃபார்ம் 29, 30 கூடவே கொடுத்துடலாம்.

பையன் அந்தத் தாளைப் படிச்சுட்டு, "தெரியும்ணே, பரவாயில்லை, கொடுங்க"ன்னா? இங்கதான் எழுதிக் கொடுத்தது பத்தாம போகுது. தென்காசி ரோட்டுல எதிர்ல டிவிஎஸ் எக்ஸெல்ல வர்ற ஆள் அந்தத் தாள்ல கையெழுத்துப் போடல. அப்போ பழைய இன்ஜினைத் திரும்ப மாட்டி, பிரேக்கைச் சரி பார்த்துட்டுத்தான் சாவியைக் கொடுக்கணும். அந்தச் செலவு யாரோடதுங்கிறதை வேணா பேரத்துல பேசிக்கலாம்.