பிணியாளர் பாடிய பாட்டு



ஒருவர் கண்ணிழந்தாலும், காலிழந்தாலும், சித்தம் கலங்கினாலும் நம்மவர் வாயில் முதலில் வருவது, "எந்தப் பிறவியிற் செய்த பாவமோ!" என்னும் சொல்லே. அதைக் கேட்ட பிணியாளர் பிறகு தம் துன்பத்தைக் குறித்து வாய் திறப்பதில்லை.

பாலி மொழியில் 264 தேரர்களின் பாடல்கள் தேரகாதை என்றும், பிக்குணிகளின் 73 பாடல்கள் தேரிகாதை என்றும் தொகுக்கப்பட்டுள்ளன. 1883-இல் இலண்டன் பாலி நூற் கழகத்தார் இரண்டையும் அச்சேற்றினர். இவற்றைப் பாடியோர் தம் பிணியை மறைத்தாரில்லை.

சக்குபாலர் என்னும் தேரர், தமக்குக் கண்கள் அழிந்தமையையும் காட்டு வழியில் அகப்பட்டமையையும் முதலிலேயே சொல்லிவிடுகிறார். தவழ்ந்தேனும் செல்வாராம், தீயவனுடன் மட்டும் செல்லாராம். பாட்டு அவ்வளவே. பிற்கால உரைக்கதையோ, அவர் முற்பிறப்பில் வைத்தியராயிருந்து ஒரு பெண்ணின் கண்களைக் கெடுத்தார் என்று காரணம் கூறும். பாட்டில் அதன் சாயலும் இல்லை. நாம் பாட்டையே கொள்வோம்.

வினையை நாம் மறுக்கவில்லை. ஆயினும், இன்ப துன்பம் யாவும் முன்வினையாலேயோ என்று சீவகன் என்னும் பரிவிராஜகன் வினவியபோது, பகவான் அதனை ஒப்பவில்லை. பித்தம், சிலேத்துமம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாறுதல், உடலைச் சரிவரப் பேணாமை, பிறர் தாக்குதல் என ஏழு காரணங்களைக் கூறி, எட்டாவதாகவே வினையை வைத்தார். பஞ்சாலையில் உழைத்த நமக்கு இது எளிதில் விளங்கும். விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சு இறுகுவது பஞ்சுத் தூசியால். அதற்கு முற்பிறவியை ஏன் இழுக்க வேண்டும்?

சித்தா என்னும் தேரி மெலிந்து, நோயுற்று, கோலூன்றி மலையேறினார். மேலாடையைக் கீழே வைத்து, பாத்திரத்தைக் கவிழ்த்து, பாறையிற் சாய்ந்தபடியே அறியாமை இருளைப் பிளந்தார். நோய் தீர்ந்ததாகப் பாட்டில் ஒரு சொல்லும் இல்லை!

சீகா என்னும் தேரியின் பாட்டோ நெஞ்சை உலுக்குவது. ஏழாண்டுகள் மனம் அடங்காமல், இரவும் பகலும் அமைதியின்றி, உடல் வெளுத்து அலைந்தார். முடிவில் உயிரை மாய்க்கக் கயிற்றோடு காடு புகுந்தார். அங்கேதான் மனம் விடுதலை பெற்றது. இதை இழிவென்று சங்கத்தார் நீக்கிவிடவில்லை. மனப்பாடம் செய்து காத்தனர். நம் நாட்டிலோ, அவ்வாறு முயன்றவரைக் கடும் மன உளைச்சலுற்றவராகக் கருத வேண்டும், தண்டித்தலாகாது என்பதற்கு 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் வரவேண்டியிருந்தது.

அடுத்த உபோசத நாளில் நம் இல்லத்துப் பிணியாளர் அருகே அமர்வோம். "இரவெல்லாம் உறக்கமில்லை, வாழவே பிடிக்கவில்லை" என்று அவர் தொடங்கினால், அறிவுரை கூறி இடைமறிக்க வேண்டாம். அன்றே வைத்தியரிடம் உடன் செல்வோம். அதற்கு முன் அவர் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கட்டும்.