எழுப்பும் மருத்துவமும் தாங்கும் மருந்தும்

உண்ணாது, உறங்காது, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தோடு கிடக்கும் மனச்சோர்வு நோயாளியைக் கண்டு, "முன்வினைப் பயன்" என்று கூறி வாளாவிருத்தல் தகுமா? சிவகன் என்னும் பரிவிராசகர் வினவியபோது, நுகர்ச்சிகள் யாவும் பழவினையாலேயே விளைவன என்னும் கொள்கையைப் பகவான் புத்தர் மறுத்தார்; பித்தம், சிலேத்துமம், வாதம், பருவமாறுதல் முதலியவற்றையும் காரணங்களாக எடுத்துரைத்தார். ஆதலின் நோய்க்கு மருத்துவம் நாடுவதே அறமாகும்.

ஆயினும் மின்னதிர்ச்சி என்னும் சொல்லே பலர் நெஞ்சை நடுக்குகின்றது. அவ்வச்சம் காரணமற்றதன்று. 1938-இல் உரோமாபுரியில் செர்லெத்தி, பினி ஆகிய இருவரும் இம்முறையைத் தொடங்கிய காலத்தில் மயக்கமருந்தின்றியே அது செய்யப்பட்டது. எலும்பு முறிதலும் நேர்ந்ததுண்டு. இக்காலத்திலோ நோயாளியை உறங்கவைத்து, தசைகளைத் தளர்த்திய பின்னரே சில வினாடிகள் மின்சாரம் செலுத்தப்படுகின்றது. இவ்விரண்டும் இன்றிச் செய்வதை இந்திய அரசின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடுத்துள்ளது. மறதி உண்டாகலாம், பெரும்பாலும் அது நீங்கும், சிலர்க்குச் சில நினைவுகள் மீள்வதில்லை. இதனை மறையாது கூறி இசைவு பெறுதல் மருத்துவர் கடன்.

இனி, பலரும் எண்ணிப் பாராத வினா ஒன்றுண்டு. திருவனந்தபுரம் ஊளம்பாறையில் 1870-இல் நிறுவப்பட்ட மனநல மையத்தையோ வேறொரு மருத்துவமனையையோ நாடி, மின்சிகிச்சையால் தேறிப் பாறசாலைக்கு மீளும் ஒருவர், "நலமடைந்தேன், இனி மாத்திரை எதற்கு?" எனலாம். செலவையும் ஊரார் பேச்சையும் எண்ணி வீட்டாரும் அதற்கு உடன்படலாம். அமெரிக்காவில் 2001-இல் வெளியான ஆய்வொன்று இதற்கு விடை தருகின்றது. மின்சிகிச்சையால் நலமுற்றோருள், மருந்தில்லா வெற்று மாத்திரை உண்டவர்களில் நூற்றுக்கு 84 பேர் 6 மாதத்துக்குள் மீண்டும் நோய்வாய்ப்பட்டனர். நார்ட்ரிப்டிலின் என்னும் மனச்சோர்வு மருந்தை உண்டவர்களில் 60 பேர். அதனோடு லித்தியமும் சேர்த்து உண்டவர்களில் 39 பேர். மருந்து உண்டும் சிலர் வீழ்ந்தனர் என்பது மெய்யே. எனினும் வேற்றுமை சிறிதன்று. மின்சிகிச்சை வீழ்ந்தவரை எழுப்புகின்றது. மருந்து எழுந்தவரைத் தாங்குகின்றது.

அன்பர்களே! நோயுற்ற நாளில் உடனிருந்து அழுது, தேறிய நாளில் கைவிடுவது கருணையாகாது. லித்தியம் உண்போர்க்கு அவ்வப்போது இரத்தப் பரிசோதனை வேண்டும். அதற்கு உடன்செல்ல ஒருவர் வேண்டும். அத்துணையாய் நிற்பதே சுற்றத்தார் கடமை. மருந்தை எப்பொழுது நிறுத்துவது என்பதை நோயாளியும் மருத்துவரும் கூடி முடிவு செய்க. ஊரார் நா முடிவு செய்தல் வேண்டா.