வரம்பை வகுப்பது யார்?

இயற்கைப் பொருள் இன்னும் எத்தனை காலம் கிடைக்கும் எனக் கணக்கிட்டு, அதற்கேற்ப நுகர்வைக் குறைத்துக்கொள்வது அறிவுடைமை. அதுவே அறமும் ஆகுமா? ஒரு சான்றின் வழியே சிந்திப்போம்.

1956ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ நகரில், எண்ணெய்த் தொழிலினர் கூடிய மாநாட்டில், எம். கிங் ஹப்பர்ட் என்னும் நிலவியல் அறிஞர் ஒரு வளைகோட்டை வரைந்து காட்டினார். நிலத்தடி எண்ணெய் அளவுடையது. அதன் உற்பத்தி சிறிதாகத் தொடங்கி, ஆண்டுதோறும் பெருகி, ஏறத்தாழப் பாதி எடுக்கப்பட்டதும் உச்சத்தை எய்திப் பின் இறங்கும் என்றார். எடுக்கத்தக்க எண்ணெய் மொத்தம் 15,000 கோடிப் பீப்பாயாயின் 1965ஐ ஒட்டியும், 20,000 கோடியாயின் 1970ஐ ஒட்டியும் அந்நாட்டில் உச்சம் நேரும் என்பது அவர் கணிப்பு.

இங்கு ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் கூடுதலாகக் கிடைப்பினும், உச்சம் தள்ளிப்போவது ஐந்தாண்டுகளே. ஆண்டுதோறும் வளரும் வேட்கையின் முன் பெருஞ்செல்வமும் நெடுநாள் நில்லாது.

1970இல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 96 லட்சம் பீப்பாயாக இருந்த உற்பத்தி, 2008இல் சுமார் 50 லட்சமாகச் சுருங்கியது. பின்னர், பாறையை நீரழுத்தத்தால் பிளந்து எண்ணெய் எடுக்கும் முறை பரவவே, 2018இல் பழைய உச்சமும் கடக்கப்பட்டது.

"எண்ணெய் தீர்ந்துவிடும், ஆகவே சிக்கனம் தேவை" என்றே நாமும் வகுப்பறையில் பல்லாண்டு போதித்தோம். "புதிதாகக் கிடைத்துவிட்டதே, இனிச் சிக்கனம் எதற்கு?" என இன்று ஒரு மாணவர் வினவினால், நம் பழைய விடை போதாது. அச்சத்தின்மேல் கட்டிய ஒழுக்கம், அச்சம் நீங்கியதும் சரிந்துவிடும்.

நம் முன்னோர் இல்லறத்தார்க்கு வகுத்த பொருள் வரைதல் என்னும் விரதம் வேறு வகையது. பொருள் இருக்கும்போதே "இவ்வளவு போதும்" என வரையறுப்பது அது. குதிர் ஒழிந்தபின் உண்ணாதிருத்தல் நோன்பாகாது. அப்போதும் என்னும் அளவு செல்வர்க்கும் வறியவர்க்கும் ஒன்றன்று. மிகுதியாக நுகர்வோரே முதலில் குறைத்துக்கொள்ளக் கடமைப்பட்டவர்.

பல கோடி ஆண்டுகளில் உருவான பொருளைச் சில தலைமுறையினர் எரித்துத் தீர்க்கின்றனர். இனிப் பிறப்போர் தம் பங்கைக் கேட்க இன்று இங்கில்லை. எரித்த புகையின் தீங்கோ அவர்களையும் சேரும். நிலத்தடியில் எவ்வளவு உள்ளதென்பதை அறிஞர் அளக்கட்டும். நமக்கு எவ்வளவு போதும் என்பதை நாமே அளத்தல் வேண்டும். வரும் நோன்பு நாட்களில், ஓராண்டு எரிபொருளுக்கு ஓர் அளவைக் குடும்பத்தோடு கூடி வரைந்துகொள்வோமாக.