வாங்குபவன் யார் என்று கேளுங்கள்

'ஒயிட் ஷாடோ' படம் பார்க்கக் கிடைத்தால் தவறவிடாதீர்கள். ஆனால் முடிந்ததும் "ஐயோ, பாவம் அந்தப் பிள்ளை" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விடாதீர்கள். அந்தப் பிள்ளையின் உடம்புக்கு ஒரு விலை இருக்கிறது. அந்த விலையைக் கொடுக்க எங்கோ ஒருவன் காத்திருக்கிறான். இரக்கப்படுவதற்கு முன் அவனைப் பற்றி யோசியுங்கள்.

நோவாஸ் தேஷே இயக்கிய முதல் முழுநீளப் படம் இது. 2013 வெனிஸ் விழாவில், சிறந்த முதல் படத்துக்கான 'எதிர்காலச் சிங்கம்' விருதைப் பெற்றது. கதை நடப்பது தான்சானியாவில். அலியாஸ் அல்பினிசத்தோடு, அதாவது நிறமிக் குறைபாட்டோடு, பிறந்த பையன். தகப்பன் கொல்லப்படுவதைப் பார்த்துவிடுகிறான். இவனாவது பிழைக்கட்டும் என்று தாய் நகரத்துக்கு, மாமன் கோஸ்மோஸோடு அனுப்பிவைக்கிறாள். கறுப்புக் கண்ணாடி, டிவிடி, செல்போன் என்று கையில் கிடைத்ததைத் தெருவில் விற்று நாளைத் தள்ளுகிறான். கேமரா ஓரிடத்தில் நிற்பதில்லை; துரத்தப்படுகிறவனின் மூச்சு எப்படி நிற்கும்? அலியாஸாக நடித்த ஹமிசி பசிலியும் அல்பினிசம் உள்ளவர்தான்.

கதையென்று ஆறுதல் கொள்ள இடமில்லை. விக்டோரியா ஏரியைச் சுற்றியுள்ள முவான்சா, ஷின்யாங்கா பகுதிகளில், அல்பினிசம் உள்ளவர்களை உடல் பாகங்களுக்காகக் கொல்லும் இந்தக் கொலைகள் 2007 வாக்கில் பெருகத் தொடங்கின. தங்கம் தோண்டும் ஊர்கள், மீன்பிடி ஊர்கள். அவர்களின் எலும்பைத் தாயத்தாக அணிந்தால் தங்கம் தட்டுப்படும், முடியை வலையில் கோத்தால் மீன் சிக்கும் என்று மந்திரவாதிகள் சொன்னார்கள். 2008-இல் பிபிசி செய்தியாளர் விக்கி இன்டெட்டெமா, வியாபாரியைப்போல் வேடமிட்டு அவர்களிடம் போய்ப் பேரம் பேசி இதை அம்பலப்படுத்தினார். அதன்பின் அவரே உயிருக்குப் பயந்து ஒளிந்து வாழ வேண்டியதாயிற்று. ஒரு முழு உடலின் பாகங்கள் 75,000 டாலர் வரை விலைபோவதாகச் செஞ்சிலுவைச் சங்கக் கூட்டமைப்பு 2009-இல் எழுதியது.

அந்தத் தொகையைச் சற்று நிதானமாகப் பாருங்கள். ஓட்டைப் படகில் ஏரிக்குள் போகிற மீனவனிடம் அது இருக்குமா? சுரங்கக் குழிக்குள் இறங்குகிற கூலிக்காரனிடம் இருக்குமா? பணமும் பதவியும் உள்ளவர்களிடம்தான் இருக்கும். தேர்தல் நெருங்கும்போதெல்லாம் தாக்குதல்கள் கூடுகின்றன என்று ஐ.நா.வின் மனித உரிமை வல்லுநர்களே எச்சரித்திருக்கிறார்கள். வெட்டரிவாளோடு இருட்டில் வந்தவன் சில நேரம் பிடிபடுகிறான், தூக்குத் தண்டனைகூட விதிக்கப்படுகிறது. பணத்தை எண்ணிக் கொடுத்தவனோ கூண்டில் ஏறுவதே அபூர்வம். புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவர் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டினார்: வாங்குகிறவன் இல்லாவிட்டால், விற்பதற்காகக் கொல்கிறவனும் இருக்க மாட்டான். விலங்கின் உயிருக்கு அவர் சொன்ன நியாயத்தை மனிதக் குழந்தைக்காகச் சொல்ல வேண்டி வந்திருக்கிறதே, இதைவிடக் கேவலம் உண்டா?

நம்பியவர்களே காட்டிக்கொடுப்பதுதான் இதில் என்னால் தாங்க முடியாதது. மலாவியில் 2018-இல் கொல்லப்பட்ட, அல்பினிசம் உள்ள ஓர் இளைஞனின் வழக்கில் 2022-இல் தண்டனை பெற்றவர்கள் யார் தெரியுமா? ஒரு பாதிரியார், ஒரு போலீஸ்காரர், கூடப்பிறந்த சகோதரன். படித்தவர்கள் இருந்தார்கள், சீருடை அணிந்தவர் இருந்தார், வேதம் ஓதியவர் இருந்தார். ஆகவே, கல்வி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது. பேராசைக்குப் படிப்பு ஒரு தடையாக இருந்ததில்லை.

"அது ஆப்பிரிக்கா, காட்டுமிராண்டித்தனம்" என்று சொல்ல வாயெடுக்காதீர்கள். செல்வம் பெருகும் என்று நம்பி இரண்டு பெண்களை நரபலி கொடுத்ததாக 2022-இல் வழக்குப் பதிவானது பக்கத்துக் கேரளத்தில், இலந்தூரில். அந்த இருவரில் ஒருவர் தமிழ்ப் பெண். அதிர்ஷ்டம் தரும் என்று மண்ணுளிப் பாம்பைப் பல லட்சத்துக்குப் பேரம் பேசுகிறவர்கள் நம் ஊரிலேயே பிடிபடுகிறார்கள். அடுத்த உயிரை அறுத்தால் நம் வீட்டில் பணம் சேரும் என்கிற எண்ணத்துக்கு ஆட்பட்டவன் பாம்போடு நிற்பான் என்பதற்கு என்ன உத்தரவாதம்? அப்படிப் பேசுகிறவன் உங்கள் சொந்தக்காரனாக இருந்தாலும் முகத்துக்கு நேரே கண்டியுங்கள். மீறினால் காவல் நிலையத்துக்குப் போங்கள். "நமக்கேன் வம்பு" என்று வாயை மூடிக்கொண்ட ஊர்களில்தான் இந்தச் சந்தை நடந்திருக்கிறது.

அல்பினிசம் சாபமும் இல்லை, வரமும் இல்லை. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வருகிற மரபணு மாற்றத்தால் மெலனின் நிறமி போதிய அளவு உண்டாகாமல் போகிறது, அவ்வளவுதான். தொட்டால் ஒட்டாது. இது தெரியாமல் தாயின் நடத்தையைச் சந்தேகித்து விட்டுப்போன தகப்பன்மார் தான்சானியாவில் ஏராளம். கொலைகாரனுக்குத் தப்பினாலும் வெயிலுக்குத் தப்ப முடிவதில்லை. தோல் புற்றுநோய் இளவயதிலேயே பலரைக் கொண்டுபோகிறது. கிளிமஞ்சாரோ அடிவாரத்து மோஷி நகரில் இவர்களுக்கென்றே வெயில் காப்புக் களிம்பு தயாரித்துக் கொடுக்கிறார்கள். ஒரு தொப்பி, முழுக்கைச் சட்டை, ஒரு குப்பிக் களிம்பு. ஓர் உயிரை நீட்டிக்க இவ்வளவு போதும். அழிக்கத்தான் 75,000 டாலர் வரை செலவழித்திருக்கிறார்கள்.

நம் தெருவிலும் பள்ளியிலும் இந்தக் குழந்தைகள் இருக்கிறார்கள். ஆசிரியர்களே, இவர்களுக்குப் பார்வை மங்கல். கரும்பலகைக்குப் பக்கத்தில் உட்காரவையுங்கள், உச்சி வெயிலில் மைதானத்தில் நிறுத்தாதீர்கள். பெற்றோரே, உங்கள் பிள்ளை "வெள்ளைக்காரன்" என்று கூப்பிட்டுச் சிரித்தால் அன்றைக்கே தடுத்து நிறுத்துங்கள். வேடிக்கைப் பொருளாக ஒரு குழந்தையைச் செல்போனில் படம் பிடிக்கிறவனிடம் அந்தப் போனை இறக்கச் சொல்லுங்கள்.

ஜூன் 13-ஐ அல்பினிசம் விழிப்புணர்வு நாளாக ஐ.நா. 2014-இல் அறிவித்தது. அந்த நாளில் இந்தப் படத்தை உங்கள் கல்லூரியிலோ நூலகத்திலோ திரையிடுங்கள். விளக்கைப் போட்டதும் கலைந்துவிடாமல், காசு கொடுத்தவன் எங்கே என்ற கேள்வியை எல்லோர் முன்னிலையிலும் எழுப்புங்கள்.