பழி வேறு, பொறுப்பு வேறு

மதுவுக்கோ போதைப்பொருளுக்கோ அடிமைப்பட்ட ஒருவரை நோயாளி என்பதா, நெறி தவறியவர் என்பதா? இவ்வினாவுக்கு நாம் தரும் விடையைப் பொறுத்தே அவருக்கு மருத்துவமனையின் கதவு திறப்பதும், சொந்த வீட்டின் கதவு அடைபடுவதும் அமைகின்றன. ஆதலால் இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. உயிர்களைப் பற்றிய வினாவாகும்.

நடுவண் அரசின் சமூகநீதி அமைச்சகத்திற்காக அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் நடத்திய ஆய்வு 2019-இல் வெளிவந்தது. 10 முதல் 75 வயது வரையுள்ள இந்தியரில் ஏறத்தாழ 16 கோடிப் பேர் மது அருந்துகின்றனர் என்றும், அவர்களுள் 5.7 கோடிக்கு மேற்பட்டோர் மதுவால் கேடுற்று உதவி வேண்டி நிற்கின்றனர் என்றும் அது கணக்கிட்டது. மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகக் கூறினர். எஞ்சிய 37 பேரைத் தடுத்தவை தொலைவும் பொருட்செலவும் மட்டுமல்ல. ‘ஊர் என்ன சொல்லும்?’ என்னும் நாணமும் அவற்றுள் ஒன்று என்பதை நாம் அறிவோம்.

‘மனவுறுதி இருந்தால் விட்டுவிடலாமே’ என்பார் பலர். ஆனால் நெடுநாள் போதை முதலில் பற்றிக்கொள்வது அந்த மனவுறுதியைத்தான். காலொடிந்தவனை நோக்கி, ‘நடந்து வந்தால் மருந்து தருவோம்’ என்று கூறுதல் தகுமோ? மறுபுறம், ‘இது நோய், என் கையில் ஒன்றுமில்லை’ என்று அடிமைப்பட்டவரே ஒதுங்கிக்கொள்வாராயின், அவரை மீட்க எம்மருந்தாலும் இயலாது. இரு கூற்றிலும் பாதி உண்மையே உள்ளது. நோயுற்றதற்காக ஒருவரைப் பழித்தல் அறமன்று. நலம்பெறும் பொறுப்பை அவரிடமிருந்து பறித்தலும் அறமன்று.

நம் நாட்டுச் சட்டமும் இவ்விரண்டையும் உணர்ந்துள்ளது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பழக்கத்தால் விளையும் மனநிலைகளையும் மனநோய் என்பதனுள் அடக்குகிறது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் உள்ள 64ஏ பிரிவு, சிறிய அளவுக் குற்றத்திற்கு உள்ளான அடிமை தாமே முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெற வழி செய்கிறது. நோய் என ஏற்றுக்கொண்டு, முதலடியை அவரே எடுத்து வைக்கட்டும் என்கிறது சட்டம்.

சிகிச்சையின் போக்கும் அத்தகையதே. நாட்பட்ட குடியைத் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும், உறக்கம் கெடும், சிலருக்கு வலிப்பும் சித்தப்பிரமையும் தோன்றி உயிருக்கே இடர் நேரும். ஆகவே முதற்கட்டம் மருத்துவர் கண்காணிப்பில் உடலைத் தேற்றுவதாகும். அதன் பின்னரே உள்ளத்தின் பணி தொடங்குகிறது. எந்த வேளையில், எவருடைய கூட்டில், எந்தத் துயரின் போது வேட்கை எழுகிறது என்பதை அவரே கண்டறியுமாறு சிகிச்சையாளர் வினவுகிறார். வேட்கை அலைபோல் உயர்ந்து தானே தணியும் என்பதைப் பட்டறியச் செய்கிறார். சிகிச்சையாளர் ஆணையிடுவதில்லை, இழந்த தெரிவுரிமையைச் சிறிது சிறிதாகத் திருப்பித் தருகிறார்.

வள்ளுவரின் கள்ளுண்ணாமை அதிகாரத்து இறுதி இரு குறள்களை இங்கே அடுத்தடுத்து வைத்து எண்ணிப் பார்க்கலாம். மயங்கியவனுக்குக் காரணம் காட்டித் திருத்த முயல்வது, நீரில் மூழ்கியவனை விளக்கேந்தித் தேடுவது போன்றது என்கிறது ஒன்று. தான் குடியாதிருக்கும் வேளையில் குடித்து மயங்கிய பிறனைக் காண்பவன் தன் நிலையை எண்ணானோ என்கிறது மற்றொன்று. அறிவுரைக்குரிய காலம் தெளிந்த காலமே என்பதும், தன்னைக் காணும் கண்ணாடி தன்னொத்த பிறனே என்பதும் இவற்றால் புலனாகின்றன அன்றோ?

1935-இல் அமெரிக்க நாட்டு ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்பார், தாம் மீண்டும் குடியாதிருக்கும் பொருட்டு மற்றொரு குடிநோயாளரைத் தேடிச் சென்று மருத்துவர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். அச்சந்திப்பிலிருந்து பிறந்ததே ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ இயக்கம். புணேயில் 1986-இல் அனில் அவசட்டும் அவர்தம் துணைவியார் மருத்துவர் அனிதா அவசட்டும் தொடங்கிய ‘முக்தாங்கண்’ இல்லத்தில், அங்கு நலம்பெற்றவர்களே பணியாளராகிப் பிறரைத் தாங்குகின்றனர். பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகளைப் பெற்ற தமிழர்க்கு இம்முறை புதிதன்று. பரிசில் பெற்றவன், வறுமையோடு எதிர்ப்படுபவனுக்கு வழி கூறுகிறான். தான் நடந்து வந்த வழியாதலின் அவன் சொல்லில் நம்பிக்கை பிறக்கிறது. இன்று மனநலத் துறையினர் ‘ஆற்றுப்படுத்துதல்’ என்று வழங்கும் சொல் எத்துணைப் பொருத்தமானது!

இனி, மனைவியின் வினா ஒன்று உண்டு: ‘பலமுறை ஆணையிட்டு மீறியவரை இன்னும் எத்தனை முறை நம்புவது?’ இதனைத் தட்டிக்கழித்தல் ஆகாது. மீட்சியின் வழியில் சறுக்கல் நேர்வதுண்டு. ஒரு சறுக்கலால் நடந்த தொலைவு முழுதும் வீணாவதில்லை. எனினும், அடியையும் இழிசொல்லையும் பொறுத்துக்கொள்ளுமாறு அவளை எந்த அறமும் பணிக்காது. மன்னிப்பு அவள் தரும் கொடை. அவர் கேட்டுப்பெறும் கடனன்று. சொல்லால் இழந்த நம்பிக்கையைச் சொல்லால் மீட்க முடியாது. நாள்தோறும் மாலையில் தெளிந்த கண்ணோடு வீடு திரும்புவதனால் மட்டுமே அது மெல்ல மீளும்.

பிறமொழி நிலங்களில் வாழும் நமக்கு இதில் தனிக் கடமை உண்டு. அலுவலகத்தில் இந்தியிலோ மராத்தியிலோ பேசிப் பழகியவரும் தம் நெஞ்சின் புண்ணைத் தாய்மொழியில்தான் திறந்து காட்டுவார். பட்டிமன்றத்திற்கும் இசைவிழாவுக்கும் இடந்தரும் சங்கத்தின் கூடம், வாரத்தில் ஒரு மாலை, பெயர் கேட்காமல், மீண்டோரும் மீள முயல்வோரும் அமர்ந்து தமிழில் பேசுவதற்குத் திறந்திருக்கலாம். அங்கே ஒரு விரிப்பும், ஒரு குவளைத் தேநீரும், புறங்கூறாத நாவும் போதும். பழியை இறக்கி வைக்க இடம் கிடைத்தால், பொறுப்பைச் சுமக்கத் தோள் நிமிரும்.